வரிசையில் நிற்க முடியாதவர்களுக்காக வரிசை கட்டுவோம்

2024 பிப்ரவரியில் இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் ஓர் அறிக்கை விட்டது. இஸ்ரேலுக்குப் போகிற ஆயுதச் சரக்கை ஏற்றவும் மாட்டோம், இறக்கவும் மாட்டோம் என்றது. 11 பெருந்துறைமுகங்களில் 3,500 தொழிலாளர்களைக் கொண்ட சம்மேளனம் அது. ஒப்பந்த வேலையும் ஆட்குறைப்புமாகப் பிழைப்பே இழுபறியாக இருக்கிற காலத்தில், வருகிற சரக்கை வேண்டாம் என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். வீட்டுக்கு வீடு துறைமுகத்தோடு ஏதோ ஒரு கணக்கு வைத்திருக்கிற நம் தூத்துக்குடிப் பக்கம் அந்த அறிக்கையை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாம் தெருவில் இறங்கினோம், முழக்கம் போட்டோம், கொளுத்தும் வெயிலில் நின்றோம். சரிதான். ஆனால் அந்த ஆயுதம் வெடித்த பிறகு, சாகாமல் பிழைத்துக் கிடக்கிறவர்களின் கதி என்ன? அதற்காகத்தான் இந்த அழைப்பு.

பதாகைகளில் செத்தவர்களின் எண்ணிக்கையை எழுதினோம். பிழைத்தவர்களின் கணக்கை எழுதவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2025 அக்டோபரில் சொன்ன கணக்குப்படி, காசாவில் ஏறத்தாழ 42,000 பேர் இனி வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய காயங்களோடு இருக்கிறார்கள். அவர்களில் நான்கில் ஒருவர் குழந்தை. 5,000 பேருக்கு மேல் கையையோ காலையோ இழந்திருக்கிறார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. குழு இன்னொன்றைச் சொன்னது: போர் தொடங்கியபின் குறைந்தது 21,000 குழந்தைகள் புதிதாக மாற்றுத்திறனாளிகளாகியிருக்கிறார்கள்; மாற்றுத்திறனாளிகளில் 83 சதவீதம் பேரிடம் அவர்கள் நம்பியிருந்த கருவி இப்போது இல்லை. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், செயற்கைக் கால், காது கேட்கும் கருவி எல்லாம் இடிபாட்டுக்குள் போய்விட்டன. புதிதாக அனுப்பலாம் என்றால், சக்கர நாற்காலியையும் கைத்தடியையும்கூட ராணுவத்துக்குப் பயன்படக்கூடிய பொருள் என்று இஸ்ரேல் கணக்கில் வைத்திருக்கிறது என்றும் அதே குழு சொன்னது. கைத்தடியை ஆயுதப் பட்டியலில் சேர்த்த அரசை வேறெங்கும் பார்த்திருக்கிறீர்களா?

2023 அக்டோபர் 13ஆம் தேதி வடக்கு காசாவின் 11 லட்சம் பேரையும் 24 மணி நேரத்தில் தெற்கே போகச் சொன்னார்கள். துண்டறிக்கை போட்டார்கள், போனில் சொன்னார்கள். பார்வையில்லாதவர் துண்டறிக்கையை எப்படிப் படிப்பார்? காது கேளாத பிள்ளை போன் மணியை எப்படிக் கேட்கும்? படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயை எந்தத் தோளில் தூக்கிக்கொண்டு எத்தனை முறை ஓடுவது? ஏனென்றால் அது ஒரு முறையோடு முடிகிற ஓட்டம் இல்லை. கூடாரம் போட்ட இடத்திலிருந்து மறுபடி, அங்கிருந்து மறுபடி. 2025இல் உணவு கொடுக்கும் இடங்கள் ஏறத்தாழ 400இலிருந்து நான்காகச் சுருக்கப்பட்டபோது, மாவு மூட்டை யாருக்குக் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மணலில் நடந்து போய், முண்டியடித்து நின்று, துப்பாக்கிச் சத்தம் கேட்டால் ஓடி, திரும்பி வந்து நிற்க முடிந்தவருக்கு. நிற்க முடியாதவர் நிவாரணக் கணக்கில் உண்டு, நிவாரணத்தில் இல்லை.

தோழர்களே, இப்போது நம் பக்கம் வருகிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தில் மூன்று இடங்களில் ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் முகாம்களில் இருக்கிறார்கள்: எட்டயபுரம் பக்கத்தில் தாப்பாத்தி, குளத்துள்வாய்பட்டி, நகரத்தை ஒட்டிய மாப்பிள்ளையூரணி. நம்மில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறோம்? கொத்து வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் முகாம் பிள்ளைகள் நம்மோடு வருகிறார்கள், அவர்களைத் தெரியும். வேலைக்கு வர முடியாதவர்களை எப்படித் தெரியும்? அவர்கள் வெளியே வருவதில்லை.

1983 ஜூலைக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்து வாழ்பவர்கள் 34,087 பேர். 1983இல் முப்பது வயதில் படகேறியவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. அன்று ஷெல் துண்டு உடம்பில் தங்கி வந்தவர் இருக்கிறார். இங்கே வந்து நாற்பது ஆண்டு சாரத்தில் ஏறி இறங்கி, ஒரு நாள் விழுந்து முதுகுத்தண்டு போனவரும் இருக்கிறார். சர்க்கரை வியாதியில் கால் எடுக்கப்பட்டவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், முகாமிலேயே பிறந்து மூளை வளர்ச்சிக் குறைபாட்டோடு வளர்கிற பிள்ளை, ராத்திரியில் விமானச் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து உட்காருகிற கிழவி. போர்க் காயம் என்றால் காலில்லாத ஒரு வாலிபனை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். போர் முடிந்தபிறகும் இடம்பெயர்ந்த வாழ்க்கை தன் பங்குக்கு உடம்புகளை ஒடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு ஷெல் தேவையில்லை.

பழைய முகாம் வீடு என்பது பத்துக்குப் பத்து அறை. பொதுக் கழிப்பறை தெருக்கோடியில். மாதாமாதம் தலைக்கணக்கு. வருவாய் ஆய்வாளர் வருகிற நாளில், கியூ பிராஞ்ச் போலீஸ் வருகிற நாளில், ஆள் கண்ணில் பட வேண்டும். ஆரோக்கியமாக இருக்கிறவருக்கே அரை நாள் கூலி போகிற காரியம் இது. தவழ்ந்து வருகிறவருக்கு?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. பொய் சொல்லிக் கூட்டம் சேர்த்தால் அந்தக் கூட்டம் அரை நாளில் கலையும். 2011இல் முதியோர், கைம்பெண், மாற்றுத்திறனாளி உதவித்தொகைகள் முகாம்வாசிகளுக்கும் நீட்டிக்கப்பட்டன. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவிக்கப்பட்டது. குடும்பத் தலைவருக்கான மாதப் பணம் 1,000இலிருந்து 1,500 ஆயிற்று, மற்ற பெரியவர்களுக்கு 750இலிருந்து 1,000 ஆயிற்று, 7,469 புது வீடுகள் கட்ட முடிவாயிற்று. நல்ல காரியங்கள். இந்தியாவின் பல மாநிலங்களில் அகதிக்கு இதில் பாதிகூட இல்லை. ஆனால் தில்லியின் கதவு வேறு. செயற்கைக் கால், மூன்று சக்கர வண்டி, காதுக் கருவி தருகிற மத்திய அரசின் அடிப் திட்டத்தில் முதல் தகுதியே இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தானுக்கும் வங்கதேசத்துக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் இடம் இருந்தது, இலங்கைக்கு இல்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த ஈழத்தமிழர்களைத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கி 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. சிறைக்குப் போக வேண்டாம் என்பது அதன் பொருள். அதைக் காட்டிச் செயற்கைக் கால் வாங்க முடியாது.

அப்படியென்றால் எதைப் பிடித்து ஏறுவது? இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், நம் கையில் இருக்கிற நெம்புகோல் இதுதான்.

2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எட்டாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆயுத மோதல், மனிதாபிமான நெருக்கடி, இயற்கைப் பேரிடர் ஆகியவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு தர வேண்டும் என்கிறது அது. அதோடு நிற்கவில்லை. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அந்த ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். 'மாவட்டத்தில் உள்ள' என்றுதான் சட்டம் சொல்கிறது. 'மாவட்டத்தில் உள்ள குடிமக்கள்' என்று சொல்லவில்லை. உயிர் வாழும் உரிமை குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு என்று 1996இலேயே சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருபத்து நான்காவது பிரிவு இன்னொன்று சொல்கிறது: மற்றவர்களுக்கு ஓர் உதவித் திட்டம் இருந்தால், அதே போன்ற திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். முகாமில் பெரியவருக்கு மாதம் 1,000 என்றால் மாற்றுத்திறனாளிக்கு 1,250 கேட்பது பிச்சை இல்லை, கணக்கு.

பதிவேடு எதற்கு, வெறும் காகிதம்தானே என்று கேட்கிற தோழருக்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைவுபடுத்துகிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கோரம்பள்ளம் குளம் உடைந்து நகரத்துக்குள் வெள்ளம் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது, அதற்குள் பல நூறு பேர் மாட்டிக்கொண்டார்கள். நாடே அந்த ரயிலைப் பார்த்தது. மாடியில்லாத வீட்டில், கட்டிலைச் சுற்றித் தண்ணீர் ஏறியவர்களை யார் பார்த்தார்கள்? படகு கொண்டுபோன மீனவச் சகோதரர்களுக்கு எந்தத் தெருவில் எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்று சொல்ல ஒரு தாள் இருந்திருந்தால் அவர்கள் முதலில் அங்கேதான் போயிருப்பார்கள். அந்தத் தாளைத்தான் சட்டம் கேட்கிறது. அந்தத் தாளில் முகாம்காரர்களின் பெயர் இருக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

"நம்ம ஊர்க்காரங்களுக்கே கிடைக்கல அண்ணாச்சி, வந்தவங்களுக்கு எங்க போயி வாங்குறது?" என்று டீக்கடையில் கேட்கத்தான் செய்வார்கள். கோபப்படாதீர்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்களைக் கேளுங்கள்: ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி கை கால் விளங்காமல் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தக் கடல் நம் ஆட்களையும் முடக்கியிருக்கிறது. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் சுடப்பட்டுச் செத்தவர்கள் 13 பேர் என்று நமக்கு மனப்பாடம். அன்று குண்டடிபட்டுக் காலை இழந்த இளைஞரும் இதே ஊரில்தான் இருக்கிறார். அதனால் நாம் கேட்கிற பதிவேட்டில் சங்குகுளி வீட்டுப் பெயரும் வரட்டும், நம் புதுக்கோட்டைத் தெருவின் பெயரும் வரட்டும், தாப்பாத்தியின் பெயரும் வரட்டும். ஒருவர் இலையிலிருந்து எடுத்து இன்னொருவருக்கு வைக்கிற பந்தி இது இல்லை.

இன்னொரு கேள்வி கொஞ்சம் கூர்மையானது. அதை முகாமுக்குள்ளேயே கேட்பார்கள். "காசாவுக்குக் கொடி பிடிக்கிறீங்களே, 2009ல எங்க இருந்தீங்க?" ஈழத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மேல் ஷெல் விழுந்தது 2009 பிப்ரவரியில். பாதுகாப்பு வலயம் என்று இலங்கை அரசு அறிவித்த இடத்திலேயே குண்டு போட்டார்கள். மே மாதம் எல்லாம் முடிந்தபோது மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பேரை முள்வேலிக்குள் மெனிக் ஃபார்மில் அடைத்தார்கள். காசாவில் இன்று நடப்பதைப் பார்க்கிற ஈழத்தவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. அதனால்தான் அவர்கள் கேள்வியில் அவ்வளவு சூடு. இடதுசாரிகள் என்ன நிலைப்பாடு எடுத்தார்கள், யார் எந்தக் கூட்டணியில் இருந்தார்கள் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மேடையில் பதில் கிடையாது. முகாமுக்குள் போய்ச் சக்கர நாற்காலிக்குப் பாதை போட்டால் அது பதில். ஈழத்துக்கு அழுகிறவர் காசாவைப் பார்க்க மாட்டேன் என்பதும், காசாவுக்கு அழுகிறவர் மாப்பிள்ளையூரணிக்குப் போக மாட்டேன் என்பதும் ஒரே நோய்தான் என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். ஜெய்ப்பூரில் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து 1960களின் கடைசியில் ஒரு செயற்கைக் காலை உருவாக்கினார்கள். வெறுங்காலோடு வயலில் நடக்கலாம், சம்மணம் போட்டு உட்காரலாம். அன்றைய வெளிநாட்டுக் கால்களில் அது முடியவில்லை. அந்தத் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டு 1987இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் மறுவாழ்வு நிலையம் தொடங்கினார்கள். போர் முடியட்டும், அரசு வரட்டும், உலகம் உதவட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. அங்கேயே கால் அளவெடுத்து அங்கேயே செய்தார்கள். வளர்கிற பிள்ளைக்கு ஒரு கால் போதாது, உயரம் கூடக்கூட மாற்ற வேண்டும். அதனால்தான் ஒரு முறை வந்து படம் எடுத்துப்போகிற முகாமை விட உள்ளூரில் ஒரு பட்டறை முக்கியம். ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடத் தெரிந்தவர்களும் லேத் பட்டறைகளும் நிறைந்த கரை நம்முடையது. ஊன்றுகோலுக்கு ரப்பர் மாட்டுவதற்கும், நாற்காலியின் சக்கரத்தைச் சரிபார்ப்பதற்கும், நடைபழக இரண்டு கம்பி நட்டுத் தருவதற்கும் வெளியூரிலிருந்தா ஆள் வர வேண்டும்?

ஆகவே வேலை இதுதான். முதலில் மூன்று முகாம்களுக்கும் போய், முகாம் தலைவரிடம் சொல்லி, அனுமதி பெற்று, வீடு வீடாகக் கேட்டு எழுதுவது. அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். கட்சிக் கொடி வெளியே இருக்கட்டும். பெண்கள் குழுவில் இருந்தே ஆக வேண்டும். படுக்கையில் இருக்கும் பெண்ணுக்கு என்ன தேவை என்பதை ஆண் போய்க் கேட்டால் விடை வராது. 1984இலிருந்து முகாம்களில் வேலை செய்கிற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் ஆட்களிடம் முதலில் உட்கார்ந்து கேளுங்கள், நாம்தான் கண்டுபிடித்தோம் என்ற நினைப்போடு போக வேண்டாம். ஊனச் சான்று இல்லாதவர்கள் யார் யார் என்று தனியாக எழுதுங்கள். 40 சதவீதம் என்று டாக்டர் எழுதித் தராத வரை எந்த உதவியும் நகராது. அந்தக் காகிதத்துக்காக அவர்கள் வேன் பிடித்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அலைவதை விட, மெடிக்கல் போர்டு ஒரு நாள் முகாமுக்கு வரட்டும் என்று கேட்போம். கட்டி முடித்த புது வீடுகளில் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்: வாசல் 90 சென்டிமீட்டர் அகலம் இருக்கிறதா, சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருக்கிறதா, கழிப்பறைக்குள் நாற்காலி திரும்புமா. இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். தலைக்கணக்குக்கு நடக்க முடியாதவரை வரச் சொல்லாமல் அதிகாரி வீட்டுக்குப் போக வேண்டும் என்பதையும் சேருங்கள். அதற்குப் பைசா செலவில்லை, ஓர் உத்தரவு போதும்.

காசாவுக்கு இங்கிருந்து என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்கிறீர்கள். இந்தியா பாலஸ்தீனத்தை 1988இலேயே அங்கீகரித்த நாடு. 1949 டிசம்பரில் தற்காலிகம் என்று சொல்லி ஐ.நா. தொடங்கிய பாலஸ்தீன அகதிகள் முகமைக்கு ஆண்டுதோறும் 50 லட்சம் டாலர் கொடுத்து வந்திருக்கிறது. அந்த முகமையின் பதிவேட்டில் இன்று 59 லட்சம் பெயர்கள். அந்தத் தொகையைக் கூட்டவும், கூட்டியதைச் செயற்கை உறுப்புக்கும் மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் ஒதுக்கவும், சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் உள்ளே விட வேண்டும் என்று இஸ்ரேலிடம் வெளிப்படையாகச் சொல்லவும் நம் நாடாளுமன்ற உறுப்பினர் வாய் திறக்க வேண்டும். ஊராட்சி மன்றத்திலும் சங்கப் பொதுக்குழுவிலும் தீர்மானம் போட்டு அவர் கையில் கொடுங்கள். அடுத்த கிராம சபையில் புதுக்கோட்டை முதலில் போடட்டும்.

வருகிற சனியும் ஞாயிறும் முகாம்களில் எழுத்து வேலை. லேத் பட்டறைத் தோழர்கள் கருவிப் பையோடு வாருங்கள், செவிலியர் படிப்பு முடித்த பிள்ளைகள் இருந்தால் கூட்டி வாருங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். காலை ஒன்பது மணிக்குப் புதுக்கோட்டை பஸ் நிறுத்தத்தில் கூடி, மறவன்மடம் வழியாகக் கோரம்பள்ளம் ஆட்சியர் அலுவலகம் போகிறோம். வீட்டுக்கு ஒரு மனுவாக, எட்டாவது பிரிவையும் இருபத்து நான்காவது பிரிவையும் குறிப்பிட்டு எழுதிக் கொண்டுவர வேண்டும். வர முடிகிற மாற்றுத்திறனாளிகள் முன்னால் வருவார்கள், அவர்களுக்கு வேன் ஏற்பாடு செய்வது துறைமுகத் தோழர்களின் பொறுப்பு. வர முடியாதவர்களின் மனுவை நாம் கொடுப்போம். ஒவ்வொரு மனுவுக்கும் எண் போட்ட ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதை வாங்காமல் ஒருவரும் திரும்பக் கூடாது.